ஊராட்சிக்கும் ஒரு 356 இருக்கிறது: முன்னாள் தலைவர் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய வழக்கறிஞர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் 2020 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்தேன். 2022 கோடையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துவிட்டது. ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தும் துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தார். ஒன்றிய அலுவலகத்தில் அனுமதி வரட்டும் என்றார்கள். பதினொரு நாள் ஊரில் தண்ணீர் இல்லை. கடைசியில் என் வளையல்களை அடகு வைத்து, காயில் கட்டி மோட்டாரை ஓடவிட்டேன். செலவைத் திரும்பக் கேட்டபோது, மதிப்பீடும் அனுமதியும் இல்லாமல் வேலை செய்ததாக ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின்கீழ் நோட்டீஸ் வந்தது. விளக்கம் கொடுத்தபின் நடவடிக்கையைக் கைவிட்டார்கள். பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகன், "கூட்டாட்சியில் உரிமை மாநிலத்துக்குத்தான். உள்ளாட்சிக்குத் தனி அதிகாரம் கேட்டால் டெல்லி உள்ளே நுழைய நீங்களே கதவைத் திறந்துவிடுவதாகும்" என்கிறான். அவன் சொல்வது சரியா? எங்களுக்குச் சட்டத்தில் உண்மையிலேயே உள்ள உரிமை எது? முன்னாள் தலைவர்கள் கூட்டம் ஒன்றில் நான் பேச வேண்டியிருக்கிறது. மறுபடியும் தேர்தலில் நிற்பதா என்றும் குழப்பமாக இருக்கிறது. (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தில் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வாதமும், நாடு விடுதலையடைந்த நாள்முதல் முடிவுக்கு வராத ஓர் அரசமைப்புச் சிக்கலும் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைப் பிரித்துக் காட்டினால் மற்றவை தாமாகவே தெளிவாகும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் சொல் பற்றி ஒரு சிறு குறிப்பு: இப்போது பலரும் 'ஒன்றிய அரசு' என்று எழுதுகிறார்கள், அது சட்டப்படி சரியான சொல்லும்கூட. ஆனால் ஊராட்சி மன்றத்தில் இருந்தவருக்கு 'ஒன்றியம்' என்றால் நினைவுக்கு வருவது வட்டார வளர்ச்சி அலுவலர் உட்கார்ந்திருக்கும் கட்டடம்தான். இரண்டும் ஒரே பத்தியில் வந்து குழப்பாமலிருக்க, டெல்லியை இங்கே மத்திய அரசு என்றே குறிப்பிடுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. அவற்றில் 'உள்ளாட்சி' இடம்பெற்றிருப்பது மாநிலப் பட்டியலில், ஐந்தாவது பதிவாக. அதாவது ஊராட்சி எப்படி அமைய வேண்டும், அதற்கு என்ன அதிகாரம், யார் அதைக் கண்காணிப்பது என்று சட்டமியற்றும் உரிமை மாநிலச் சட்டமன்றத்துக்கே உரியது. 1989-இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த 64-ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றுப்போனதற்கு, அது மாநிலங்களைத் தாண்டி மாவட்டங்களோடும் கிராமங்களோடும் டெல்லி நேரடியாகக் கைகோர்க்கும் முயற்சி என்ற ஐயம் ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகனின் அச்சத்துக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு. ஆகவே அதைப் படிக்கிற பிள்ளையின் வீண்வாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பின்னர் 1992-இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம், அந்த எதிர்ப்புகளையெல்லாம் பார்த்துப் பக்குவமாக எழுதப்பட்டது. எதையெல்லாம் 'வேண்டும்' என்று கட்டளையாக எழுதினார்கள், எதையெல்லாம் 'லாம்' என்று விருப்பத்துக்கு விட்டார்கள் என்று பிரித்துப் படித்தால்தான் அதன் உள்ளடக்கம் பிடிபடும். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும், கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கேற்ப இடம் ஒதுக்க வேண்டும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது (தமிழ்நாடு அதை 2016-இல் ஐம்பது சதவீதமாக்கியது), மாநிலத் தேர்தல் ஆணையம் வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் வேண்டும் என்பவையெல்லாம் கட்டளைகள். ஆனால் ஊராட்சிக்கு என்ன அதிகாரம் என்ற இடத்துக்கு வந்தவுடன், 243-ஜி உறுப்பில், தன்னாட்சி அமைப்பாக இயங்கத் தேவையான அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்' என்று வினைச்சொல் இறங்கிவிடுகிறது. பதினொன்றாம் அட்டவணையில் குடிநீர், சாலை, தொடக்கக் கல்வி, சிறுபாசனம் என்று 29 துறைகளை அடுக்கியிருக்கிறார்கள். மேடையில் பலர் அதை 'ஊராட்சிகளின் பட்டியல்' என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது தவறு. அது ஏழாவது அட்டவணையைப் போல அதிகாரப் பங்கீடு அல்ல. சட்டமன்றம் விரும்பினால் இவற்றிலிருந்து எடுத்துக் கொடுக்கலாம் என்ற நினைவூட்டல் மட்டுமே.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் சுருக்கமான பதில் இது: நீங்கள் அந்த நாற்காலியில் ஐந்தாண்டு உட்கார்ந்திருப்பதற்கு அரசமைப்புச் சட்டம் காவல் இருக்கிறது, உட்கார்ந்து என்ன செய்யலாம் என்பதற்கு அது காவல் இல்லை.

இந்த அரைக்காவலும் எளிதாகக் கிடைத்ததல்ல என்பதை உங்கள் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 1970-இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986-இல், அதற்கடுத்தது 1996-இல். மத்திய-மாநில உறவுகளை ஆராய 1969-இல் ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974-இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றிய, அந்த வகையில் இந்தியாவுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. அதே மாநிலத்தில்தான் பதினாறு ஆண்டுகள் ஊராட்சிகளுக்குத் தேர்தல் இல்லாமல் இருந்தது. அதற்கு எந்த ஒரு கட்சியையும் நான் குற்றம் சொல்லவில்லை; அந்தக் காலத்தில் ஆட்சியில் இருந்த இரு பெரிய கட்சிகளுக்கும், இடையில் வந்த குடியரசுத் தலைவர் ஆட்சிகளுக்கும் அதில் பங்கு உண்டு. 73-ஆவது திருத்தம் வந்தபின் 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல்கள் ஒழுங்காக நடந்தன. 2016-இல் அறிவிக்கப்பட்ட தேர்தல், பழங்குடியினர் இடஒதுக்கீட்டுச் சிக்கலில் சென்னை உயர்நீதிமன்றத்தால் ரத்தாகி, தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் கடைசியில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நீங்கள் அதில் வென்றவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத அந்த இடைவெளியில் மத்திய நிதி ஆணைய மானியம் நிறுத்திவைக்கப்பட்டதும், தெருவிளக்குக்கு மின்கட்டணம் கட்ட முடியாமல் ஊராட்சிகள் திண்டாடியதும் உங்களுக்கே தெரியும். 2025 ஜனவரி 5-இல் 28 மாவட்டங்களில் உங்களைப் போன்றவர்களின் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள்.

இந்தத் தாமதத்துக்கு அரசு வழக்கமாகச் சொல்லும் காரணம் எல்லை மறுவரையறையும் சுழற்சி இடஒதுக்கீடும். அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான கிஷன்சிங் தோமர் வழக்கில் 2006-இலும், மத்தியப் பிரதேசம் தொடர்பான சுரேஷ் மகாஜன் வழக்கில் 2022-இலும் உச்ச நீதிமன்றம் இந்தக் காரணங்களை ஏற்கவில்லை. பதவிக்காலம் என்றைக்கு முடியும் என்று ஐந்தாண்டுக்கு முன்பே தெரியும்போது, அதற்கான வேலையை முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்புகளின் சாரம். முன்னாள் தலைவர் என்ற முறையில் இல்லாவிட்டாலும், அந்த ஊர் வாக்காளர் என்ற முறையில் நீங்கள் உயர்நீதிமன்றத்தை அணுகலாம். கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். பலர் தாங்கள் பதவியில் இல்லாததால் வழக்குப் போட உரிமையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது 205-க்கு வருகிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இல் நான் அதிகம் வாதாடியிருக்கும் பிரிவு இதுதான். தலைவர் வேண்டுமென்றே சட்டத்தையோ விதியையோ சட்டபூர்வமான உத்தரவையோ மீறினார் அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஊராட்சிகளின் ஆய்வாளர், அதாவது மாவட்ட ஆட்சியர், கருதினால் தாமாகவே நோட்டீஸ் கொடுக்கலாம். அல்லது உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால் நோட்டீஸ் கொடுக்கலாம். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் வட்டாட்சியர் மன்றக் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அந்தக் கருத்தைப் பரிசீலித்தபின், தலைவரை நீக்குவதா விடுவதா என்று ஆட்சியர் தம் விருப்புரிமைப்படி முடிவெடுப்பார். உறுப்பினர்களின் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. ஊர் மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவரை, மக்களிடம் ஒருமுறைகூட வாக்குக் கேட்டிராத ஓர் அலுவலர் கையெழுத்திட்டு இறக்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் உங்கள் மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அரசமைப்புச் சட்டத்தின் 356-ஆவது உறுப்பைத் தமிழ்நாட்டில் பல கட்சிகளும் ஏன் எதிர்த்தன? ஆளுநரின் அறிக்கையை வைத்துக்கொண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த அரசை மேலே இருப்பவர் கலைக்கலாமா என்பதுதானே அந்த எதிர்ப்பின் உள்ளடக்கம்? 1976-இலும் 1991-இலும் தி.மு.க. அரசுகளும், 1980-இல் அ.தி.மு.க. அரசும் கலைக்கப்பட்ட மாநிலம் இது. 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல என்று சொல்லிவிட்டது. அதே 1994-இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய ஊராட்சிகள் சட்டத்தில் 205 இருக்கிறது, கூடவே 202-உம் 203-உம் இருக்கின்றன. 202-இன்படி மன்றத் தீர்மானத்தை ஆட்சியர் நிறுத்திவைக்கலாம் அல்லது ரத்து செய்யலாம். அவசர நிலையில் பொதுமக்கள் பாதுகாப்புக்காக ஆட்சியரே நேரில் தலையிட்டு வேலையைச் செய்விக்கலாம் என்பதற்காக எழுதப்பட்ட 203-ஐக் காட்டி, தலைவரின் காசோலை அதிகாரத்தைப் பிடுங்கி வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்த உத்தரவுகளை எதிர்த்து நானே பலமுறை நீதிமன்றம் போயிருக்கிறேன். குழாய் உடைந்தால் பயன்பட வேண்டிய பிரிவு ஒருவருடைய பேனாவைப் பிடுங்கப் பயன்படுகிறது. ஆளுநர் பற்றி நம்மவர்கள் சொல்லும் ஒவ்வொரு குறையையும் எடுத்து, 'ஆளுநர்' என்ற இடத்தில் 'ஆட்சியர்' என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். வாக்கியம் உடையாமல் நிற்கும்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு அப்படியே மேடையிலிருந்து இறங்கிவிடாதீர்கள். எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது; அதைத் தாண்டாமல் உள்ளாட்சித் தன்னாட்சி பற்றிப் பேசுவது நேர்மையாகாது. உள்ளாட்சி என்றவுடன் நம் பேச்சாளர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் எடுத்துவிடுவார்கள். அந்தச் சபை ஒரு சதுர்வேதி மங்கலத்தின் சபை என்பதையும், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் இருந்தவர்தான் குடத்துக்குள் பெயர் போட முடிந்தது என்பதையும் அடுத்த வரியில் சொல்ல மாட்டார்கள். கிராமத்துக்கு அதிகாரம் கொடுப்பது கிராமத்தில் யாருக்குக் கொடுப்பது என்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் எழுப்பிய ஐயம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மேலூர் வட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பட்டியல் வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்ட நாற்காலியில் அவர் உட்கார்ந்ததுதான் காரணம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு காலம் முறையாக ஒரு தலைவரை உட்காரவைக்க முடியவில்லை; 2006-இல் அரசு முனைந்து நின்றபின்தான் அது நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. இந்த ஊர்களிலெல்லாம் பாதிக்கப்பட்டவர்கள் உதவிக்கு எதிர்பார்த்தது மேலே இருக்கும் ஆட்சியரையும் அரசையும்தான்.

உங்கள் துணைத் தலைவர் கையெழுத்து மறுத்த கதையும் இதோடு சேர்ந்ததுதான். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்ற ஏற்பாடு, ஒருவர் சுருட்டிவிடாமல் இருக்க வந்தது. ஆனால் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒதுக்கீட்டில் வந்த தலைவருக்கு எதிராக, ஊரில் செல்வாக்குள்ளவர்கள் தங்கள் ஆளைத் துணைத் தலைவராக்கிவிட்டால், அந்த ஒரு கையெழுத்தே கடிவாளமாகிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என் அலுவலகத்துக்கு ஒரு தலைவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து தீர்மானப் புத்தகத்தையும் காசோலைப் புத்தகத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். வரிசையாகப் பதினான்கு காசோலைகள். எல்லாவற்றிலும் இடப்பக்கம் அவர் கையெழுத்து, வலப்பக்கம் வெற்றிடம். 'இதில் ஒன்று தொட்டி கழுவுகிறவருக்கு மூன்று மாதச் சம்பளம் ஐயா' என்றார். இப்போது காசோலை போய் மின்னணுக் கையொப்பக் கருவி வந்துவிட்டது. அந்தக் கருவியைத் துணைத் தலைவர் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டதாக வரும் புகாரும் வந்துவிட்டது.

எனவே 205-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் உறுப்பினர்களின் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை வைத்துவிடலாம் என்று சிலர் சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. மேலவளவு போன்ற ஊர்களில் அது ஆதிக்கக்காரர்களின் கையில் நேராகப் போய்ச் சேரும். தலைவரின் தவறை விசாரிக்க ஆட்சியரும் வேண்டாம், ஊர்ப் பெரும்பான்மையும் வேண்டாம். நீதித்துறை அனுபவம் உள்ளவர் தலைமையிலான ஒரு தீர்ப்பாயமோ குறைதீர்ப்பாளரோ வேண்டும் என்பது என் கருத்து. இது கற்பனையும் அல்ல. கேரளத்தில் அத்தகைய அமைப்புகள் சட்டப்படி இருக்கின்றன. அங்கே ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்ய நினைக்கும் அரசு, முதலில் அவற்றின் கருத்தைக் கேட்டாக வேண்டும்.

கேரளத்தைச் சொன்னதும் உங்கள் மகனின் வாதத்துக்கு முழுப் பதில் கிடைத்துவிடுகிறது. 1996-இல் அங்கே மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் ஏறத்தாழ 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அதற்காக டெல்லியிடம் எந்த அனுமதியும் கேட்கவில்லை, அரசமைப்புச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாநிலப் பட்டியலில் தனக்கிருந்த அதிகாரத்தைக் கொண்டே அந்த மாநிலம் அதைச் செய்தது. ஐந்தாவது பதிவு சட்டமன்றத்துக்குக் கொடுத்திருப்பது உள்ளாட்சியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை மட்டுமல்ல, கொடுக்கும் உரிமையும்தான். கொடுத்துவிட்ட மாநிலத்தின் ஊராட்சிக்கு டெல்லியின் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே வராது; தன் மாநிலத் தலைநகரில் எதுவும் கிடைக்காத ஊராட்சிதான் அந்தக் கதவைத் தட்டும். மகன் காரணத்தையும் விளைவையும் இடம்மாற்றி வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

டெல்லியிடமிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளலாமே என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் கட்டாயம் கேட்பார்கள். நைஜீரியாவில் 2024 ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 774 உள்ளாட்சிகளுக்குரிய கூட்டாட்சி நிதியை மாநில ஆளுநர்களின் (அங்கே அவர்கள் நம் முதலமைச்சர்களைப் போன்றவர்கள்) கை படாமல் நேரடியாகவே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மாநிலங்கள் கூட்டுக் கணக்கில் வந்த பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டதால் வந்த வழக்கு அது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் அனுபவம் வேறு. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்குமான ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று கட்டிப்போட்டது. மாநிலம் பத்து வேலை நாளுக்குள் பணத்தை விடுவிக்காவிட்டால் வட்டி கட்ட வேண்டும் என்ற நல்ல நிபந்தனையும் அதே ஆணையத்தில் உண்டு. இருந்தாலும் உங்கள் ஊருக்குத் தேவை சுடுகாட்டுப் பாதையா குடிநீர்க் குழாயா என்று தீர்மானித்தது உங்கள் கிராம சபை அல்ல. பணம் நேராக வந்தால் உத்தரவும் நேராகத்தான் வரும். லட்சக்கணக்கான ஊராட்சிகளை ஒரே இணையதளத்தில் ஒரே படிவத்தில் அடக்க முயலும் ஓர் அரசிடமிருந்து, உங்கள் ஊருக்கென்று ஒரு தனி நியாயத்தை எதிர்பார்க்க முடியாது. சென்னையில் கேட்டால் உங்கள் சட்டமன்ற உறுப்பினரையாவது கல்யாண வீட்டில் வைத்து மடக்கலாம்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை; ஆனால் கூட்டத்தில் அது வராமல் போகாது. உங்கள் பக்கத்து நிகழ்வு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலூர் அருகே அரிட்டாபட்டியைச் சுற்றிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாக 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நவம்பர் 23-இல் அப்பகுதிக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன, டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, மக்கள் மதுரை நோக்கிப் பேரணியாக நடந்தார்கள், 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது. மாநில அரசு கிராம சபையின் குரலைத் தன் குரலோடு சேர்த்துக்கொண்ட நாட்கள் அவை. அதே காலத்தில் பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியும் திட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது. விமான நிலையம் தேவையா இல்லையா என்பதற்குள் நான் போகவில்லை. ஒரே வகைத் தீர்மானம் டெல்லிக்கு எதிராக இருக்கும்போது மக்கள் குரலாகவும், சென்னைக்கு எதிராக இருக்கும்போது வெறும் தாளாகவும் ஆவதைத்தான் சுட்டுகிறேன். சட்டப்படி பார்த்தால் இரண்டுமே ஆலோசனைகள்தாம். ஒடிசாவில் நியமகிரி மலையில் 2013-இல் பன்னிரண்டு கிராம சபைகள் வேண்டாம் என்று சொன்னவுடன் சுரங்கம் நின்றதற்குக் காரணம், வன உரிமைச் சட்டம் அந்தச் சபைகளுக்குக் கொடுத்திருந்த குறிப்பான அதிகாரமும் அதை உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியதும்தான். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள், அதாவது பழங்குடியினருக்கென அறிவிக்கப்பட்ட பகுதிகள், இல்லாததால், 1996-ஆம் ஆண்டின் பழங்குடிப் பகுதி ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் இங்கே பொருந்தாது.

ஆகவே தீர்மானம் எழுதும்போது 'இச்சபை வன்மையாகக் கண்டிக்கிறது' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவின்கீழ் ஊராட்சிக்கு உள்ள எந்தக் கடமை பாதிக்கப்படுகிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால் ஆகியவை 110-ஆம் பிரிவின்படி ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். அவற்றோடு இணைத்து எழுதிய தீர்மானத்தை அலுவலர் ஒருவர் புறந்தள்ளினால், அதை நீதிமன்றத்தில் எடுத்துவைக்க எங்களுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். ஊராட்சியின் முடிவை மேல் அலுவலர் ரத்து செய்தால் ஊராட்சியே வழக்குத் தொடுக்கலாம் என்று கோவா மாநிலம் கலங்கூட் ஊராட்சி வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனி அலுவலர் காலத்தில் அந்த வழி அடைபட்டுப் போவது தேர்தல் தாமதத்தின் இன்னொரு கேடு. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் என்ற ஏற்பாடு தனி அலுவலர் இருந்தாலும் உயிரோடு இருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் தீர்மானத்தைப் படித்துக்காட்டச் சொல்வதும், பிறகு நகல் கேட்பதும் உங்கள் உரிமை.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு மத்திய-மாநில உறவுகளை ஆராய நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதை நான் வரவேற்றவன். மாநில-ஊராட்சி உறவுகளை ஆராய அதே உயரத்தில் இன்னொரு குழு வேண்டும் என்று நீங்கள் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தால், அதை யாராலும் மாநில உரிமைக்கு எதிரானது என்று சொல்ல முடியாது. கோரிக்கையையும் சுருக்கமாக வையுங்கள்: 205-க்குப் பதில் தீர்ப்பாயம், துணைத் தலைவர் காரணம் எழுதாமல் இத்தனை நாளுக்கு மேல் கையொப்பத்தை நிறுத்தினால் வேறொரு உறுப்பினர் கையொப்பமிட ஏற்பாடு, 29 துறைகளில் குடிநீரையாவது ஆளோடும் பணத்தோடும் முழுமையாக ஒப்படைத்தல். இந்த மூன்றையும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேற்றிவிடலாம். 29-ஐயும் ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

மறுபடியும் நிற்பதா என்பது சட்டக் கேள்வி அல்ல. 205 நடவடிக்கை கைவிடப்பட்டுவிட்டதால் உங்களுக்கு எந்தத் தகுதிக்குறைவும் இல்லை. சுழற்சியில் உங்கள் ஊராட்சி எந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்படுகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நிற்க வேண்டும். ஆனால் இந்த முறை துணைத் தலைவர் யார் என்பதை வேட்புமனு போடுமுன்பே யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மோட்டார் பணம். அவசர நேரத்தில் பொதுமக்களின் சேவைக்கோ பாதுகாப்புக்கோ உடனடியாகத் தேவைப்படும் வேலையை, மன்றத்தின் அனுமதிக்குக் காத்திராமல் தலைவரே செய்வித்துச் செலவை ஊராட்சி நிதியிலிருந்து கொடுக்கச் சொல்லலாம் என்று அதே சட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது. அடுத்த மன்றக் கூட்டத்தில் செய்ததையும் அதற்கான காரணத்தையும் அறிக்கையாக வைக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நீங்கள் வைத்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. வைத்திருந்தால் 2022-ஆம் ஆண்டின் தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கம் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் சான்றிட்ட நகலை வாங்குங்கள். அதோடு நடவடிக்கையைக் கைவிட்ட ஆட்சியரின் உத்தரவு, காயில் கட்டிய பட்டறையின் ரசீது, அடகுச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்துத் தனி அலுவலருக்கும் ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். தவறு இல்லை என்று ஆட்சியரே முடித்துவைத்தபின் அந்தச் செலவை மறுக்க அவர்களுக்கு என்ன காரணம் இருக்கிறது என்று அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். அறுபது நாள் பாருங்கள்; பதில் வராவிட்டால் எழுதுங்கள், உங்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிடக் கோரி மதுரைக் கிளையில் ஒரு மனு போடலாம். பட்டறை ரசீது கணினியில் அச்சான மெல்லிய தாளாக இருந்தால் இன்றைக்கே நகல் எடுத்துவையுங்கள். மூன்று ஆண்டில் அந்த எழுத்து மங்கிப்போயிருக்கும்.